கருந்துவரிக் கஷாயம்

அநியாயம் நடந்தது மாடத்திக்கு. கோணலாகக் கூடிப்போயிருந்த அவளுடைய கையெலும்பை மறுபடி ஒடித்து நேராக்கினார்கள். அந்த நேரம் முழுக்க அவளுக்கு நினைவு இருந்தது, வலியும் இருந்தது. வாய்தான் எழவில்லை. கட்டுப் பிரித்த அன்று அவள் அதைச் சொன்னாள். "உனக்கு வலிக்கவே இல்லை" என்று பதில் வந்தது, அதுவும் நாலு பேர் பார்க்க.

பதில் சொன்னவர் தாணுமூர்த்தி வைத்தியர்.

அவர் கெட்டவர் இல்லை. ஜமீனில் வைத்தியம் பார்த்தவர். அங்கே ஒரு குழந்தையின் காய்ச்சலை இனி ஆகாது என்று அவர் கைவிட்டார். மலையடிவாரத்து மருத்துவசாலையில் இருந்த உலகம்மை அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்தார். மறுவாரமே தாணுமூர்த்தி மூட்டையைக் கட்டிக்கொண்டு மருத்துவசாலைக்கு வந்து, "என்னைச் சீடனாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நின்றார். உலகம்மை அவரைவிட நன்றாக இளையவர். நரைத்த தலை கறுத்த தலையிடம் பாடம் கேட்கிறது என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றார் தாணுமூர்த்தி. அவர் உலகம்மையை 'அம்மா' என்பார். உலகம்மை அவரை 'வைத்தியரே' என்பார்.

வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கேள்வி.

"அம்மா, நோயைக் குணமாக்க ஆயிரம் மருந்து இருக்கிறது. வலியைப் போக்குவது எது?"

உலகம்மை ஒரு கூடையை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். கூடை நிறையக் கருந்துவரிப் பழம். கன்னங்கரேலென்று தடித்த தோல், உள்ளே வெளிறிய சதை. மலையில் ஆடு மேய்ப்பவர்கள் காலில் முள் ஏறினால் இதைப் பறித்துத் தின்பார்கள். வலி அடங்கும். நாக்கு கொஞ்சம் தடிக்கும்.

"இதில் தேடுங்கள்" என்றார் உலகம்மை.

தாணுமூர்த்தி தேடினார். தேடுவதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு பழத்துக்குள் இருப்பது ஒரே சத்து அல்ல, பல சத்துகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன என்று சீக்கிரமே கண்டுகொண்டார். தோலைத் தனியாக, சதையைத் தனியாக, கொட்டையைத் தனியாகப் பிரித்தார். தண்ணீரில் ஊறவைத்தார், சாராயத்தில் ஊறவைத்தார், சுண்டக் காய்ச்சினார். ஒவ்வொன்றையும் தான் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிறருக்குக் கொடுத்தார்.

கொட்டைச் சாறு குடித்தவர்கள் வாந்தி எடுத்தார்கள். அதை விட்டார்.

சதைச் சாறு குடித்தவர்கள், "குறைஞ்சிருக்கு ஐயா, ஆனா இருக்கு" என்றார்கள். கத்தி பட்டதும் முனகினார்கள். ஒருத்தி அவருடைய மீசையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அதையும் ஒதுக்கினார்.

தோலைச் சுண்டக் காய்ச்சிய கஷாயம் குடித்தவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. மரக்கட்டைபோல் கிடந்தார்கள். மூச்சு மட்டும் மெல்ல ஓடியது. வெட்டினாலும் தைத்தாலும் ஒரு சத்தம் இல்லை.

"கிடைத்துவிட்டது அம்மா!" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தார் தாணுமூர்த்தி. கையெல்லாம் கருந்துவரிக் கறை.

அதற்குப் பிறகு மருத்துவசாலையின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் உள்ளே ஒருவர் அலறினால், வெளியே முறைக்குக் காத்திருந்த பாதிப் பேர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிடுவார்கள். இப்போது யாரும் ஓடுவதில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 'பூவை எடுக்கிற மாதிரி எடுத்துடுறார்' என்று பேச்சு பரவியது. அக்கம்பக்கத்து வைத்தியர்களும் கஷாயம் கேட்டு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மாடத்தி வந்தாள். கீழே சுண்ணாம்புக் காளவாசலில் கல் சுமக்கிறவள். கல் விழுந்து கை ஒடிந்து, தானாகக் கோணலாகக் கூடியிருந்தது. தாணுமூர்த்தி அவளுக்குக் கஷாயம் கொடுத்தார், ஒடித்தார், சேர்த்தார், கட்டினார். அச்சுப்போல் நேரான கை. அவருக்கே அதில் பெருமை.

கட்டுப் பிரித்ததும் மாடத்தி கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஐயா, கை நேராயிட்டு. உங்களுக்குப் புண்ணியம். ஆனா வலிச்சுது."

"எப்போ? இப்பவா?"

"நீங்க ஒடிச்சப்போ."

"வலிச்சிருக்காது."

"வலிச்சுது ஐயா. முழுசா வலிச்சுது. நாளைக்கு எங்க ஓரகத்தி இசக்கிக்குத் தாடைக் கட்டியில கத்தி வைக்கப் போறிய. அவளுக்கு அந்தக் கஷாயத்தைக் குடுக்காதிய. அதைச் சொல்லத்தான் நிக்கேன்."

தாணுமூர்த்தி சிரித்தார். காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சரி, அடையாளம் சொல்லு. சத்தம் போட்டியா?"

"வாய் வரல."

"கையை இழுத்துக்கிட்டியா?"

"அது என் கையாவே இல்ல. யாரோ கையைக் கொண்டாந்து ஒட்டி வச்ச மாதிரி கிடந்துச்சு. வலி மட்டும் எனக்குத்தான் வந்துது."

"கண்ணுல தண்ணி வந்துதா?"

"வந்துதே! காதுக்குள்ள வழிஞ்சு ஓடிச்சே, பாக்கலையா?"

"அது காளவாசல் புகை பட்ட கண்ணு. எப்பவும்தான் வடியும்."

"ஒடிச்சதும் 'முருங்கைக் கொப்பு மாதிரி சடக்குன்னு வருது பாரு'ன்னு சிரிச்சிய. அது எனக்கு எப்படித் தெரியும்?"

தாணுமூர்த்தி சும்மா விட்டுவிடுகிற ஆள் இல்லை.

"காது முழிச்சிருந்திருக்கும். காது வேற, வலி வேற."

"ஏன் ஐயா, என் காது என் உடம்புலதான இருக்கு?"

காத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு வைத்தியருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை பேருக்குக் குடுத்தேன், ஒருத்தர் வாய் திறக்கல. உனக்கு மட்டும் அதிசயமா வலிச்சுதாக்கும்! கை சரியாயிடுச்சு, இனிக் கல் சுமக்கப் போகணும். அதுக்குச் சோம்பல். அதான் இந்தக் கதை. உனக்கு வலிக்கவே இல்ல. போ."

"பொய் சொல்லணும்னு எனக்கென்ன வேண்டுதலா?" என்றாள் மாடத்தி.

அவள் போகவில்லை. நேரே நோயாளிகள் கிடக்கும் கொட்டகைக்கு நடந்தாள். இசக்கி படுத்திருந்த அறை வாசலில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்தாள். "கத்தியோட யாரு வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

இத்தனையும் உலகம்மையின் காதில் விழுந்தது. அவர் முற்றத்தில் கருந்துவரித் தோலை உலரப் போட்டுக்கொண்டிருந்தார். தாணுமூர்த்தியே அங்கே வந்தார்.

"கேட்டீர்களா அம்மா அந்தப் பெண் பேசுவதை?"

"கேட்டேன். நீங்கள் கேட்டீர்களா?"

"வாசலை மறித்து உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலையில் நான் எப்படி உள்ளே போவது?"

உலகம்மை ஒரு தோலைத் திருப்பிப் போட்டார்.

"சதைச் சாறு குடித்தவர்கள் என்ன சொன்னார்கள், வைத்தியரே?"

"குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றார்கள்."

"தோல் கஷாயம் குடித்தவர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"சொல்ல நாக்கு எழுந்ததா?"

"நாக்கு தடிக்கும்தான். கைகால் துவளும்தான். வலி போய்விட்டால் உடம்பு அப்படித் தளர்ந்துபோகும், அம்மா."

"உடம்பைக் கட்டிப்போட்டாலும் அப்படித்தான் தளர்ந்து கிடக்கும்."

"இரண்டில் இதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"நான் சொல்லவில்லை. மாடத்தி சொல்கிறாள்."

"ஒருத்தி பேச்சு! மற்ற அத்தனை பேர் பேச்சு?"

"அவர்கள்தான் ஒன்றும் சொல்லவில்லை என்றீர்களே."

தாணுமூர்த்தி வேறு வழியில் வந்தார்.

"கஷாயம் வந்த பிறகு இங்கே ஒரு அலறல் கேட்டிருக்கிறீர்களா? நீங்களே சொல்லுங்கள்."

"கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நானும் சந்தோஷப்பட்டேன்" என்றார் உலகம்மை. "எனக்கும் அது சௌகரியமாக இருந்தது."

தாணுமூர்த்தி விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். ஒரு கிண்ணம் நிறையக் கஷாயம் ஊற்றி எடுத்து வந்தார். கூடவே ஒரு ஊசி.

"வாதம் எதற்கு? நானே குடிக்கிறேன். நாக்கில் வைத்துச் சுவை பார்த்திருக்கிறேனே தவிர முழுக் கிண்ணம் குடித்ததில்லை. என் உடம்பில் வலி இல்லாதபோது ருசி மட்டும் பார்த்தது என் தப்புத்தான். ஊசியை நகக்கண்ணில் ஏற்றுங்கள். வலித்தால் நாளைக்குக் கத்தி எடுக்கமாட்டேன்."

வீரமான பேச்சு. அப்படித்தான் அவருக்கும் தோன்றியது.

உலகம்மை கிண்ணத்தை வாங்கினார். முற்றத்துச் சாம்பல் குழியில் கவிழ்த்தார்.

"என்ன செய்கிறீர்கள் அம்மா?"

"நீங்கள் குடித்தால் உங்கள் வலியை நம்புவீர்கள். மாடத்தியை நம்பியதாக ஆகாது."

"உண்மை தெரிந்தால் போதாதா? எப்படித் தெரிந்தால் என்ன?"

"இன்னும் எத்தனையோ பேர் வரப் போகிறார்கள், வைத்தியரே. ஒருத்தி பிரசவ வலி என்பாள், ஒருவன் பல்வலி என்பான். ஒவ்வொருவரையும் நம்புவதற்கு நீங்கள் என்னென்ன குடிப்பீர்கள்?"

தாணுமூர்த்திக்குக் கோபம் வந்தது. குருவிடம் காட்ட முடியாத கோபம். அதனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?"

"சாட்சி கொண்டுவரப் போகிறேன். கஷாயம் குடித்தவர்களில் பொய் பேசாத ஒருவர் வந்து, வலிக்கவில்லை என்று உங்கள் முன்னால் சொல்லட்டும்."

அவர் தேர்ந்தெடுத்தது வேலாயுத மணியக்காரரை. ஊரில் பெரிய மனிதர். முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தாணுமூர்த்தி அறுத்தெடுத்திருந்தார். அன்றைக்கு மணியக்காரர் குப்புறக் கிடந்த அமைதியைப் பார்த்துத்தான் தாணுமூர்த்தி தன் கஷாயத்தின்மேல் முழு நம்பிக்கை வைத்தார்.

மணியக்காரர் மாட்டுத் தொழுவத்தில் நின்றிருந்தார். வைத்தியரைக் கண்டதும் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"மணியக்காரரே, ஒரே ஒரு கேள்வி. முதுகை அறுத்தேனே, அன்னைக்கு உங்களுக்கு வலிச்சுதா?"

"வலிச்சுதாவா!" மணியக்காரர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "நல்லாக் கேட்டிய போங்க! உசிரு தொண்டைக்குழி வரைக்கும் வந்து, வெளிய போக வழி தெரியாம நின்னுட்டு. எங்க குலதெய்வம் ஒண்ணு பாக்கியில்லாம எல்லாம் வரிசையா வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. நானும் கத்துதேன் கத்துதேன், ஒரு சத்தம் வரல. என்ன மருந்துய்யா அது!"

தாணுமூர்த்தி வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வைத்தியர்ட்ட போய் வலிச்சுதுன்னு அழுதா ஆம்பிளைக்கு அழகா ஐயா? அதுவும் நீங்க வேற, 'பாத்தியளா, பூ மாதிரி எடுத்துட்டேன்'னு முகமெல்லாம் சிரிப்பா நின்னிய. நல்ல மனுசன், எதுக்கு மனசை நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

மோரைக் குடிக்காமல் எழுந்தார் தாணுமூர்த்தி. வந்த வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம். முற்றத்தில் நுழையும்போது மூச்சு வாங்கியது.

"அம்மா, கஷாயம் பொய்! வலி போகவே இல்லை. வலியைச் சொல்கிற வழியைத்தான் அது அடைக்கிறது. வலியைத் தணிக்கிற சத்து சதையில் இருந்தது. நான் அதைத் தூரப் போட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் தலைகீழ்!"

"யார் சொன்னது?"

"மணியக்காரர்."

உலகம்மை உலர்ந்த தோல்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன அடையாளம் சொன்னார்?"

"அடையாளமா?"

"சத்தம் போட்டாராமா?"

"இல்லை. வாய் வரவில்லையாம்."

"உடம்பை இழுத்துக்கொண்டாராமா?"

"அசைக்கவே முடியவில்லையாம்."

"கண்ணீர்?"

"குப்புறப் படுத்திருந்தார். நான் பார்க்கவில்லை."

"பிறகு எதை வைத்து நம்பினீர்கள்?"

"அவரே சொன்னாரே, அம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. உலகம்மை கூடையைத் தூக்கிச் சாம்பல் குழிக்கு அருகில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

தாணுமூர்த்தி அடுப்படிக்குப் போய், கஷாயப் பானையை இரண்டு கையாலும் தூக்கி வந்து குழியில் கொட்டினார். அக்கம்பக்கத்து வைத்தியர்களிடம், இனி இதை யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று சொல்ல ஆள் அனுப்பினார். எஞ்சியிருந்த பழங்களைப் பிளந்து சதையைத் தனியாக எடுத்துப் பிழிந்தார். காய்ச்சவில்லை.

மறுநாள் காலையில் சாற்றை வடிகட்டிக்கொண்டே சொன்னார்.

"இது முழு வலியையும் எடுக்காது, அம்மா."

"எடுக்காது."

"இசக்கி முனகுவாள்."

"முனகட்டும்."

"கத்தினால்?"

"கத்தியை நிறுத்துங்கள்."

"நடுவில் நிறுத்தினால் வேலை எப்போது முடியும்?"

"அவளைக் கேளுங்கள்."

தாணுமூர்த்தி சாற்றுக் கிண்ணத்தோடு கொட்டகைக்கு நடந்தார்.

மாடத்தி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நேராக்கிய கை மடியில் கிடந்தது. உள்ளே இசக்கி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கத்தி எங்க?" என்றாள் மாடத்தி.

"கொண்டு வரல."

"கையில என்ன?"

"சதைச் சாறு. அந்தக் கஷாயத்தைக் கொட்டியாச்சு. இதைக் குடிச்சா நாக்கு கொஞ்சம்தான் தடிக்கும், பேச்சு வரும். அவ சரின்னு சொன்னாதான் ஆரம்பிப்பேன். வலிக்குதுன்னா நிறுத்திடுவேன்."

இசக்கி சுவர்ப் பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பினாள்.

மாடத்தி கிண்ணத்தைப் பார்த்தாள். வைத்தியரைப் பார்த்தாள். காலை மடக்கி வழிவிடவில்லை.

"நேத்து வலிக்கவே இல்லன்னிய. இன்னைக்கு வலிச்சா நிறுத்துதேங்கிய. ஒரு ராத்திரியில இதெல்லாம் உங்களுக்கு யாரு ஐயா சொன்னா?"

மணியக்காரர் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை. பெரிய மனிதர் பேரைச் சொன்னால் அவளும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்திருப்பாள்.

தாணுமூர்த்தி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முதல்ல சொன்னது நீங்கதாம்மா. நான்தான் நம்பல."